குறுக்கே போகிறவர்கள்

வேலூரிலிருந்து ஆம்பூருக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். பதினெட்டு ஆண்டுகளாக இந்தச் சாலையில் பேருந்தில் போய் வருகிறேன். குடியிருப்பது வேலூரில், தமிழ் கற்பிப்பது ஆம்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், பிறந்து வளர்ந்தது இரண்டுக்கும் நடுவே, மாதனூரைத் தாண்டிச் சாலையை ஒட்டியிருக்கும் ஒரு சிற்றூரில். என் வாழ்நாளின் பெரும்பகுதி இந்த ஒரே சாலையின் மேல்தான் கழிந்திருக்கிறது. சாலைகளைப் பற்றி எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது. நான் பொறியாளன் அல்லன். படித்தது சங்க இலக்கியம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு காகிதம். சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு மாணவன் ஒருவன் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவனிடம் காரணம் கேட்டேன். வண்டி எண்ணப் போயிருந்ததாகச் சொன்னான். ஏதோ ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்துக்காகச் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை வகைவாரியாகக் கோடு கிழித்து எண்ணும் வேலை. ஒரு ஷிப்டுக்கு இவ்வளவு என்று கூலி. எனக்குக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. அவன் தாய் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்ப்பவர்; கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அவனே ஈட்டிக்கொண்டிருந்தான். அவன் பையில் எழுதாத படிவம் ஒன்று மீந்திருந்தது. வாங்கிப் பார்த்தேன்.

இருசக்கர வாகனம், ஆட்டோ, கார், சிற்றுந்து, பேருந்து, இரண்டு அச்சு லாரி, மூன்று அச்சு லாரி, அதற்கும் மேற்பட்ட அச்சுகள் கொண்ட லாரி, டிராக்டர், மிதிவண்டி, மாட்டுவண்டி என்று வரிசையாகக் கட்டங்கள். இவற்றையெல்லாம் எப்படி ஒன்றாகக் கூட்டுவார்கள் என்று பொறியியல் படித்த நண்பரிடம் கேட்டேன். எல்லாவற்றையும் காராக மாற்றிவிடுவார்களாம். அதற்குப் 'பயணிக் கார் அலகு' என்று பெயர். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட நெறிமுறையில், ஊர்களுக்கு வெளியே உள்ள சாலைகளுக்கென ஓர் அட்டவணை இருக்கிறது. கார் என்றால் 1. இருசக்கர வாகனம் 0.5. பேருந்தும் லாரியும் 3. மாட்டுவண்டி 8.

மாட்டுவண்டி எட்டுக் கார் என்றதும் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றது. அறுபது பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கம்பெனிப் பேருந்து மூன்று கார். தோல் ஏற்றிய லாரியும் மூன்று கார். இந்தக் கணக்கில் ஆட்கள் வருவதில்லை. ஒரு வண்டி பிற வண்டிகளின் ஓட்டத்துக்கு எவ்வளவு இடைஞ்சலாக இருக்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. அதில் தவறொன்றும் இல்லை. சாலைக்கு எத்தனை வழித்தடம் வேண்டும் என்று முடிவு செய்ய அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் அந்தப் படிவத்தில் நடந்து போகிறவருக்கு ஒரு கட்டமும் இல்லை. நடப்பவர்களை எண்ணத் தனிப் படிவம் உண்டென்றும், யாராவது குறிப்பாகக் கேட்டால்தான் அந்தக் கணக்கெடுப்பு நடக்கும் என்றும் நண்பர் சொன்னார்.

மாணவன் சொன்னது இன்னும் எளிமையாக இருந்தது. "நேரா போறத மட்டும்தான் எண்ணணும் ஐயா. குறுக்க போறவங்கள எண்ண வேணாம்னு சொல்லிட்டாங்க."

அந்தச் சொல் என்னை என் சின்னம்மாவிடம் கொண்டுபோய் விட்டது.

*

சின்னம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது ஆண்டுகள் மேல்தோல் தைத்தவர். இந்தப் பகுதியை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். இராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ஆம்பூர் என்று பாலாற்றுப் பகுதி ஊர்கள் தோல் பதனிடுவதிலும் காலணி செய்வதிலும் பெயர் பெற்றவை. வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் காலணிகள் பலவற்றின் மேல்பாகம் எங்கள் ஊர்ப் பெண்கள் கையால் தைக்கப்பட்டது. விடியற்காலையில் ஊருக்கு ஊர் கம்பெனிப் பேருந்து வரும். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுக் கூடையுமாகப் பெண்கள் சாலையோரத்தில் நிற்பார்கள்.

எங்கள் ஊர் சாலைக்குத் தெற்கே இருக்கிறது. காலையில் ஆம்பூர் நோக்கிப் போகும் பேருந்து ஊர்ப்பக்கத்திலேயே நின்று ஏற்றிக்கொள்ளும். மாலையில் வேலூர்த் திசையில் வரும் அதே பேருந்து எதிர்ப்பக்கத்தில் இறக்கிவிடும். காலையில் போகும்போது சாலை கிடையாது. மாலையில் திரும்பும்போது மட்டும் சாலை உண்டு. அதுவும் வேலை முடிந்து கால் கடுத்துப்போன நேரத்தில், இருட்டில்.

2013ஆம் ஆண்டு ஐப்பசி மழை நாளொன்றில், ஓவர்டைம் முடிந்து இறங்கிய சின்னம்மா நடுத்திட்டின் இடைவெளியைத் தாண்டி அடுத்த பாதியில் கால் வைத்தபோது லாரி ஒன்று மோதிவிட்டது. உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு முறிந்து ஓராண்டு படுக்கையில் கிடந்தார். பிறகு கோலூன்றி நடந்தார். தையல் இயந்திரத்தின் மிதியை அழுத்த அந்தக் கால் மறுத்துவிட்டது. வேலை போயிற்று.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனபோது லாரி ஓட்டுநரைப் பற்றி நான் ஏதோ சுடுசொல் சொன்னேன். சின்னம்மா மறுத்துத் தலையசைத்தார். "அவன் மேல என்னப்பா தப்பு? அவன் நேராத்தான் வந்தான். நான்தானே குறுக்க வந்தேன்."

காவல் நிலையத்தில் எழுதியதும் ஏறக்குறைய அதேதான்: சாலையின் குறுக்கே வந்த பெண்மணி.

தமிழ் கற்பிக்கிறவன் என்பதால் அந்தச் சொல் என்னை விடாமல் அரித்தது. நம் மொழியில் குறுக்கே வருவது என்றாலே குற்றம்தான். 'என் வழியில் குறுக்கே வராதே' என்கிறோம். பேச்சில் குறுக்கிடுவது நாகரிகம் அன்று. குறுக்குப்புத்தி, குறுக்குவழி என்று எதுவும் நல்ல பொருளில் இல்லை. பூனைகூடக் குறுக்கே போனால்தான் கெட்ட சகுனம். நம்மோடு நெடுக நடந்து வந்தால் செல்லப்பிராணி. சாலைக்கு நாம் வைத்திருக்கும் பெயரும் நெடுஞ்சாலை. நீளவாக்கில் போகிறவனுடையது சாலை என்பது பெயரிலேயே முடிவாகிவிட்டது. இடுப்பு முறிந்து கிடந்த ஒருத்தி தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்ள வேண்டிய எல்லாச் சொற்களையும் மொழி முன்கூட்டியே அவள் வாயில் வைத்திருக்கிறது.

*

இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாம் நெடுக்காகவே போகின்றன. பாலாறு நெடுக்காகப் போகிறது. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தத் தடம்தான் பிறகு ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கு நீண்டது. சென்னை, பெங்களூரு நெடுஞ்சாலையும் அதே திசையில் போகிறது. முன்பு இதற்கு 46 என்று எண், இப்போது 48. ஆறும் இரயிலும் சாலையும் ஒரே திசையில் ஓட, ஊர்கள் மட்டும் குறுக்கே கிடக்கின்றன. வயல் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். பள்ளி ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம்.

நான் சிறுவனாக இருந்தபோது இது இருவழிச் சாலை. இரு மருங்கும் புளியமரங்கள். பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து, கை காட்டினால் எங்கள் ஊரில் நிற்கும். அதன் உள்ளே எழுதியிருந்த குறளைப் படித்துத்தான் நான் எழுத்துக்கூட்டக் கற்றேன் என்று அம்மா சொல்வார். 1997இல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அழகிரியும் இறங்கிவிட்டார். இன்று இந்தப் பகுதிப் பேருந்துகள் விழுப்புரம் கோட்டத்தைச் சேர்ந்தவை.

பிறகு தங்க நாற்கரத் திட்டம் வந்தது. சாலை நான்கு வழியாயிற்று. அதன்பின் கிருஷ்ணகிரியிலிருந்து வாலாஜாபேட்டை வரை ஆறு வழியாயிற்று. புளியமரங்கள் போயின. பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடியிலும் சுங்கச்சாவடிகள் எழுந்தன. சாலை வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மணி நேரப் பயணம் ஒரு மணி நேரமாயிற்று. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தவரை வேலூருக்குக் கொண்டுபோக முடிகிறது. தோல் தொழில் துறைமுகத்தை நம்பியிருக்கிறது. துறைமுகத்துக்குச் சாலை வேண்டும். என் சின்னம்மாவுக்கு வேலை கொடுத்ததும் ஒரு வகையில் இந்தச் சாலைதான்.

ஆனால் நெடுக்கே ஒரு மணி நேரம் குறைந்தபோது குறுக்கே எவ்வளவு கூடிற்று என்று யாரும் கணக்கிடவில்லை. முன்பு நாலெட்டில் கடந்த இடத்தை இப்போது கடக்க வேண்டுமானால் சர்வீஸ் ரோடு, மூன்று தடம், நடுத்திட்டு, மறுபடி மூன்று தடம், மறுபடி சர்வீஸ் ரோடு. சுரங்கப்பாதை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போக ஒன்றரை, வர ஒன்றரை என்று மூன்று கிலோமீட்டர் நடந்தால் பாதுகாப்பாகக் கடக்கலாம். பத்து மணி நேரம் உழைத்து இறங்கியவர்கள் அதைச் செய்வார்களா? கேட்கிற நானே செய்ய மாட்டேன்.

*

சின்னம்மா படுத்திருந்த அந்த ஆண்டில் ஊர்க்காரர்கள் என்னிடம் வந்து மனு எழுதித் தரச் சொன்னார்கள். ஊரில் எம்.ஏ. படித்தவன் நான்தான். மூன்று பக்கம் எழுதினேன். நல்ல தமிழ். இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. உழைக்கும் பெண்களின் கண்ணீர், காலனின் பாசக்கயிறு என்றெல்லாம் எழுதியிருந்தேன். அதைக் கொண்டுபோய்க் கொடுத்த அலுவலகத்தில் ஒரு முதிய எழுத்தர் பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க ஐயா. ஆனா கிலோமீட்டர் கல் எத்தனாவது? அத எழுதலியே" என்றார்.

கிலோமீட்டர் கல்லைக் குறித்து மறுபடி எழுதினோம். அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் புரிந்தது. ஓர் அலுவலகம் சாலை தங்களுடையது அன்று என்றது. இன்னோர் அலுவலகம், சாலை தங்களுடையதுதான், ஆனால் பேருந்து எங்கே நிற்பது என்பது தங்கள் பொறுப்பில்லை என்றது. மூன்றாவது அலுவலகம், அது கம்பெனிப் பேருந்து, தங்கள் பேருந்து அன்று என்றது. விளக்குக் கம்பத்தின் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வியில் நான்காவது கடிதம் நின்றுவிட்டது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் தத்தம் எல்லைக்குள் சரியாகவே பேசினார்கள். யாருடைய எல்லைக்குள்ளும் வராத இடம் ஒன்று இருந்தது. சின்னம்மா அடிபட்டது அங்கேதான்.

பின்னாளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு உதவும்போது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையைப் பார்க்க நேர்ந்தது. தேசிய நெடுஞ்சாலை ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, இரயில்வேயும் அப்படியே. மற்ற சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியல். காவல்துறை மாநிலப் பட்டியல். இயந்திர ஊர்திகள் பொதுப் பட்டியல். ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்கவற்றைச் சொல்லும் பதினோராம் அட்டவணையிலும் சாலைகள் வருகின்றன. கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கித் தன் வீட்டுக்கு நடக்கும் ஒரு பெண், இரண்டு நிமிடத்தில் இந்தப் பட்டியல்கள் அத்தனையையும் மிதித்துக் கடக்கிறாள். பட்டியல்கள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டிய இடம் அவளுடைய காலடிதான். போக்குவரத்துத் திட்டமிடல், ஒருங்கிணைப்பு என்றெல்லாம் சொல்கிறார்களே, அதற்கு என் அளவில் இதுதான் பொருள்.

ஒருங்கிணைப்பு நடக்கவே இல்லை என்று சொல்வதும் நியாயம் ஆகாது. சென்னைக்கென ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010இல் சட்டம் இயற்றப்பட்டது. அது 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பது வேறு. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு உண்டு. ஒன்றிய அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2016இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,218 பேர் இறந்தார்கள். 2019இல் 10,525 பேர். காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, மக்கள் நல்வாழ்வுத் துறைகள் சேர்ந்து இயங்கியதன் பலன் என்று அந்த இறக்கம் நாடெங்கும் பாராட்டப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. 2013இல் அது இருந்திருந்தால் எங்கள் வீட்டில் ஒரு கன்றுக்குட்டியும் இரண்டு பவுனும் மிஞ்சியிருக்கும். எனினும் 2023இல் இறந்தவர் எண்ணிக்கை 18,347 என்று மறுபடி ஏறிவிட்டது. குறைத்துக் காட்டிய அதே மாநிலம்தான். ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால் போதாது, உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த 2023இல் நடந்த ஒன்றை எங்கள் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். சுற்றுலா போய்விட்டு இரண்டு வேன்களில் திரும்பிக்கொண்டிருந்தார்கள் ஆம்பூரை அடுத்த ஓணாங்குட்டை ஊர்க்காரர்கள். செப்டம்பர் 11ஆம் நாள் விடியற்காலையில் நாட்றம்பள்ளி அருகே ஒரு வேன் பழுதாகி நின்றது. அதைச் சரிசெய்யும் வரை இறங்கி வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த லாரி வேன் மீது மோத, வேன் அவர்கள் மீது ஏறியது. ஏழு பெண்கள் இறந்தார்கள். அவர்கள் யாருக்கும் குறுக்கே வரவில்லை. அவர்களும் நெடுக்கே போய்க்கொண்டிருந்தவர்கள்தான். நின்றார்கள், அவ்வளவே. இந்தச் சாலையில் கடப்பதற்கு மட்டுமன்றி நிற்பதற்கும் இடமில்லை என்று அன்று தெரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அது நம்முடைய சாலை.

*

வகுப்பில் ஆண்டுதோறும் மலைபடுகடாம் நடத்துகிறேன். பத்துப்பாட்டில் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை ஐந்து. அவற்றுள் ஒன்று இது. பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னனின் செங்கண்மா, இன்றைய செங்கம். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் சவ்வாது மலைக்கு அந்தப் பக்கம். பழந்தமிழில் 'ஆறு' என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையோடு எதிரே வரும் கூத்தனிடம் வழி சொல்வது பாட்டு. வழியைச் சொல்கிறான் என்பதைவிட வழியின் ஆபத்துகளைச் சொல்கிறான் என்பதே பொருந்தும். காட்டுப்பன்றிக்காகத் தோண்டிய பொறிக்குழி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், தினைப்புனத்தில் யானையை விரட்ட எறியும் கவண்கல் எந்தப் பக்கம் வரும், பாசி படர்ந்து வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொண்டு போவது என்று ஒவ்வொன்றாக வருகிறது. பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருகிற புதியவர்களுக்கு வழி தெரியும்படி இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்றும் ஓரிடத்தில் சொல்கிறான்.

இருபது ஆண்டுகள் இதை நான் மலை வருணனை என்றுதான் நடத்தினேன். சின்னம்மாவின் விபத்துக்குப் பிறகும்கூட உடனே தோன்றவில்லை. அந்தப் படிவத்தைப் பார்த்த வாரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: இது நடந்து போகிறவனுக்காக எழுதப்பட்டது. குழந்தை குட்டிகளோடு, இசைக்கருவிகளைச் சுமந்துகொண்டு, வெறுங்காலோடு போகிற கூட்டத்தை மனத்தில் வைத்து ஒருவன் வழியை நினைத்துப் பார்த்திருக்கிறான். வழியில் எது அவர்களைக் கொல்லும் என்பதிலிருந்து அவன் தொடங்குகிறான். குழியில் விழுந்தால் அது உன் கவனக்குறைவு என்று அவன் சொல்லவில்லை. தெரிந்தவன் சொல்ல வேண்டும், புல்லாவது முடிந்து வைக்க வேண்டும் என்பது அவன் கட்சி.

சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்ட சாலைப் பாதுகாப்புக் கொள்கையைப் பற்றி அண்மையில் படித்தேன். மனிதர்கள் தவறு செய்வார்கள். அந்தத் தவறுக்கு உயிர் விலையாக இருக்கக் கூடாது. சாலையை அமைப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பது அதன் சாரம். இது பெரிய கண்டுபிடிப்பு என்று உலகம் பேசுகிறது. செங்கத்துக் காட்டில் நடந்த கூத்தனுக்கு இது வியப்பாக இருந்திருக்காது.

*

மனு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஒருநாள் காலையில் பார்த்தபோது எங்கள் ஊர் எதிரே இருந்த நடுத்திட்டின் இடைவெளி மூடப்பட்டிருந்தது. மஞ்சள் விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. கடக்கும் இடத்தை மூடிவிட்டால் கடக்க மாட்டார்கள் என்பது எண்ணம். பெண்கள் இப்போது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திட்டின் மேல் ஏறி இறங்கினார்கள்.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது எங்கள் ஊர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. அப்போது மனுவின் நகலைத் தேடி எடுத்தேன். காகிதம் பழுத்திருந்தது. மறுபடி கொடுக்க எனக்கு ஊக்கம் இல்லை.

2021 மே மாதத்தில் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதன் விளைவை நான் கண்ணால் பார்த்தேன். தாய் வீட்டுக்குப் போகக் கணவனிடம் காசு கேட்டு நின்ற பெண்கள் கேட்காமல் போனார்கள். கூலி குறைவென்று ஒரு கம்பெனியை விட்டு, இன்னும் இரண்டு ஊர் தள்ளி இருந்த கம்பெனிக்கு மாறினார்கள். பேருந்துக் கட்டணம் ஒரு பெண்ணின் உலகத்தின் விட்டத்தை எப்படித் தீர்மானித்திருந்தது என்று அப்போதுதான் விளங்கிற்று. ஆனால் பேருந்தில் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் ஒரு பயணம் இருக்கிறது. அதற்கும் விலை உண்டு. மேம்பாலத்தின் மேலேயே விரையும் தொலைதூரப் பேருந்துகள் கீழே இறங்காமல் பாலத்தின் முனையில் ஆட்களை உதறிவிட்டுப் போகின்றன. நான் வழக்கமாக ஏறுவது அத்தகைய பேருந்தில்தான். சீக்கிரம் போய்ச் சேரலாம் அல்லவா.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருமுறை எங்கள் பேருந்து திடீரென்று பிரேக் போட, கையிலிருந்த புத்தகம் தவறி விழுந்தது. முன்னால் சாலையைக் கடந்துகொண்டிருந்த இரு பெண்களைப் பார்த்து, "எப்படிக் குறுக்க வர்றாங்க பாருங்க" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஜன்னல் வழியே தெரிந்தது, அது எங்கள் ஊர். இருக்கையில் உட்கார்ந்தவுடன் எனக்கும் நெடுக்கின் கண் வந்துவிடுகிறது.

சிக்கலை ஓரளவு தீர்த்தவர்கள் அந்தப் பெண்களே. கம்பெனிப் பேருந்து பள்ளிகொண்டா வரை போய் மற்றவர்களை இறக்கிவிட்டு, காலியாக ஆம்பூருக்கே திரும்பி வந்து நிற்கும். திரும்பும்போது அது எங்கள் ஊர்ப்பக்கமாகத்தான் வரும். அப்போது இறங்கிக்கொள்கிறோமே என்று அவர்கள் ஓட்டுநரிடம் கேட்டார்கள், கம்பெனியிலும் பேசினார்கள். டீசல் செலவு கூடாது என்பதால் ஒப்புக்கொண்டார்கள். அதன்படி இப்போது எங்கள் ஊர்ப் பெண்கள், தம் வீட்டு விளக்குகளை எதிர்ப்பக்கத்தில் பார்த்துக்கொண்டே ஊரைக் கடந்து போய், கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்து, திரும்பி வந்து இறங்குகிறார்கள். நாற்பது நிமிடம் கூடுதல். நெடுக்கே போகிறவர்கள் பள்ளிகொண்டாவில் பணமாகச் சுங்கம் கட்டுகிறார்கள். குறுக்கே போக வேண்டியவர்கள் அதே ஊர் வரை போய், நாள்தோறும் நாற்பது நிமிடத்தைச் சுங்கமாகக் கட்டிவிட்டு வருகிறார்கள். இதை நான் வெற்றி என்று சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் அதன்பின் எங்கள் ஊரில் அந்த இடத்தில் யாரும் அடிபடவில்லை.

மாணவனிடம், அடுத்த முறை எண்ணப் போனால் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, குறுக்கே போகிறவர்களையும் ஒரு மணி நேரம் எண்ணிப் பார் என்று சொன்னேன். எண்ணிக்கொண்டு வந்தான். நான்கு நெடுங்கோடு, ஐந்தாவதாக ஒரு குறுக்குக்கோடு என்று கட்டுக் கட்டாக, படிவத்தின் ஓரம் முழுவதும் நிறைந்திருந்தது. ஒரு மணி நேரத்துக் கணக்கு புள்ளிவிவரம் ஆகாது என்பதால் அந்த எண்ணை இங்கே எழுதவில்லை. காகிதத்தை வைத்திருக்கிறேன். அடுத்த மனுவோடு இணைக்கலாம். கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் இம்முறை மறக்க மாட்டேன்.

சின்னம்மாவின் மருமகளும் இப்போது அதே கம்பெனிக்குத்தான் போகிறாள். மாலையில் சின்னம்மா கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எதிர்ப்பக்கம் அந்தப் பேருந்து நிற்காமல் போகும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உலை வைப்பார். சோறு வடித்து முடிக்கவும் ஊர்ப்பக்கம் பேருந்து வந்து நிற்கவும் சரியாக இருக்கும்.